மாயரும் மயனும்

(ராஜா அண்ணாமலைபுரத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட சங்கதி சுமார் பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு ஜன சமூகத்தைப் பற்றியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் உட்கார்ந்துகொண்டு குவாட்டமாலாக் காட்டைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நமது நண்பர் ஒருவர் இந்தப் பக்கத்தில் வீடு கட்டினார். பாதி எழும்பிய சமையலறைச் சுவரை ஒரு நாள் இடித்துத் தள்ளிக் கொண்டிருந்தார். ஏன் ஐயா என்று கேட்டோம். வாஸ்துக்காரர் சொல்லிவிட்டாராம். "மயன் சாஸ்திரம் சாமான்யமா? அமெரிக்காவுக்கே போய் மாயா நாகரிகத்தை உண்டாக்கியவன் அந்த மயன்தானே, அவனும் தமிழன்தானே" என்றார். சுவர் இடிந்ததைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அது அவர் காசு. ஆனால் அறிவு இடிகிறதே, அதற்காகத்தான் இன்று வாயைத் திறக்கிறோம்.

மாயர் என்பவர்கள் யார்? தெற்கு மெக்ஸிகோ, குவாட்டமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ், எல் சால்வடார் ஆகிய நாடுகளின் பகுதிகளில் பல ஆயிரம் வருஷங்களாக வாழ்ந்து வருகிற மக்கள். கி.பி. 250 முதல் 900 வரை அவர்களுடைய நகரங்கள் உச்ச நிலையில் இருந்தன. டிக்கால், பலெங்கே, கோப்பான் என்பவை அவற்றில் சில. ஆகாய விமானத்திலிருந்து ஒளிக்கதிர் பாய்ச்சி அளந்ததில், குவாட்டமாலாவில் மரங்களுக்கடியில் 60,000க்கு மேற்பட்ட கட்டிடங்களும் மேடுகளும் பாதைகளும் இருப்பது 2018இல் தெரிய வந்தது. இரும்பு இல்லை, பாரம் இழுக்க மாடு இல்லை, வண்டிச் சக்கரம் இல்லை. இவ்வளவையும் கல்லைக் கொண்டு கல்லைச் செதுக்கி, மனிதன் முதுகிலே சுமந்து கட்டினார்கள்.

கணக்கிலோ கேட்க வேண்டாம். ஒரு புள்ளி ஒன்று. ஒரு கோடு ஐந்து. ஒரு சிப்பி சைபர். இந்த மூன்று குறிகளை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான நாட்களை எண்ணினார்கள். சைபரையும் கணக்கில் கையாண்டார்கள். வெள்ளி என்னும் கிரகம் 584 நாளுக்கு ஒரு முறை அதே நிலைக்கு வருவதையும், அப்படி ஐந்து சுற்று ஆனால் எட்டு வருஷம் சரியாக ஆவதையும் கண்டு எழுதி வைத்தார்கள். 584ஐ ஐந்தால் பெருக்குங்கள், 365ஐ எட்டால் பெருக்குங்கள், இரண்டும் 2,920தான்.

இப்பேர்ப்பட்ட மக்களைத்தான் "நம்மவர் போய்க் கற்றுக் கொடுத்தார்கள்" என்று சொல்லுகிறார்கள். 1940இல் சமன்லால் என்பவர் 'இந்து அமெரிக்கா' என்றே ஒரு புத்தகம் எழுதினார். நம் நாட்டில் கணபதி ஸ்தபதி அவர்களும் மாயர் கட்டிடக் கலை மயனுடையதே என்று சொல்லி வந்தார். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையைச் செய்த அவருடைய கை வேலையை நாம் போற்றுகிறோம். ஆனால் உளி பிடிப்பதில் வல்லவர் சொன்னார் என்பதற்காகச் சரித்திரத்தைச் சோதிக்காமல் ஏற்கலாமா? யார் சொன்னாலும் யோசித்துப் பார் என்பதுதானே நாம் ஊர் ஊராகச் சொல்லிவருவது!

சோதித்துப் பார்ப்போம். முதலாவது, பெயர். மயன் என்பவன் பாரதத்தில் பாண்டவர்களுக்குச் சபை கட்டிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அசுரன். மாயா என்பது யுக்கத்தானில் வழங்கி, ஸ்பானியர் காதில் விழுந்து, பிறகு எல்லோருக்குமாக வைக்கப்பட்ட பெயர். சத்தம் ஒத்திருந்தால் சொந்தமாகிவிடுமா? இங்கிலீஷ்காரன் 'ஒன்' என்கிறான், நாம் 'ஒன்று' என்கிறோம். அதனால் லண்டன்காரன் நமக்குப் பங்காளியா? ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு மாயர் சொல்லுவது ஹுன், கா, ஓஷ். இதில் தமிழ் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, சோறு. நம்மவர் அங்கே போய்க் குடியேறினார்கள் என்றால் நெல்லை மறந்து போனார்களா? மாட்டையும் இரும்பையும் வண்டியையும் கரையிலேயே விட்டுப் போனார்களா? போனவர்கள் திரும்பி வரும்போது ஒரு மிளகாய் விதையையாவது மடியில் கட்டிக்கொண்டு வரவில்லையா? மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், புகையிலை எல்லாம் அமெரிக்காவின் பயிர்கள். போர்த்துகீசியர் வந்த பிறகுதான் நமக்குக் கிடைத்தன. சங்க நூல்களில் மிளகு உண்டு, மிளகாய் கிடையாது. நம் வீட்டு அம்மியே இதற்குச் சாட்சி.

மூன்றாவது, கோபுரம். இரண்டு இடத்திலும் கீழே அகன்று மேலே குறுகுகிறதாம்! பட்டினப்பாக்கம் கடற்கரையில் மணல் குவிக்கிற குழந்தையும் அப்படித்தான் குவிக்கிறது. அதற்கு எந்த மயன் கற்றுக் கொடுத்தான்? உயரமாகக் கட்ட நினைக்கிற எவனும் அடியை அகலமாகத்தான் போட வேண்டும்.

தோழர்களே! இதைக் கேட்டு நம்மவர் சிலருக்கே வருத்தம் உண்டாகலாம். "தமிழனுக்குப் பெருமைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே" என்பார்கள். நாம் கேட்கின்றோம்: நம் முன்னோர் எழுதியதையும் கட்டியதையும் கண்டு, "இது உங்களால் ஆகியிருக்காது, வேறு உயர்ந்த ஜாதியான் வந்து சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்" என்று ஒருவன் சொன்னால் நமக்கு ரத்தம் கொதிக்கிறதா இல்லையா? அதே வார்த்தையை நாம் மாயனைப் பார்த்துச் சொன்னால் அவனுக்கு மாத்திரம் கொதிக்காதா? கீழடியில் மண்ணைத் தோண்டி, கரித்துண்டைச் சோதித்து, இன்ன காலம் என்று நிரூபித்த பிறகு பெருமைப்பட்டோமே, அது யோக்கியமான பெருமை. பிறத்தியான் முதுகிலே சுமந்த கல்லுக்கு நாம் கூலி கேட்பது திருட்டுப் பெருமை.

நிற்க, மாயரைப் புகழ்ந்தோம் என்பதற்காக அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கேயும் அரசன் தன்னைத் தெய்வாம்சம் என்றான். அங்கேயும் புரோகிதன் நட்சத்திரத்தைக் கணக்கிட்டு, அந்தக் கணக்கை ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல், பயத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தான். அரசி தன் நாக்கில் முட்கயிறு கோத்து ரத்தம் வடிக்கிற சிற்பம் யாஷ்சிலான் என்ற ஊரிலிருந்து கிடைத்தது. லண்டன் காட்சிசாலையில் இன்றும் இருக்கிறது. சிச்சேன் இட்சாவில் ஒரு நிலவறையிலே கிடைத்த எலும்புகளைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். சோதித்த 64 பேரும் ஆண் பிள்ளைகள். அவர்களில் ஒரே முகமான இரட்டைப் பிள்ளைகள் இரண்டு ஜோடி. தெய்வத்தின் பேரால் பலியிடப்பட்டவர்கள் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அந்தச் சோதனையிலேயே இன்னொன்றும் தெரிந்தது. அவர்களுடைய ரத்த வழி அந்தப் பக்கத்துக் கிராம ஜனங்களிடம் இன்றும் ஓடுகிறது.

இத்தனை பலி கொடுத்தும் பலன் என்ன? ஒன்பதாம் நூற்றாண்டில் நீண்ட பஞ்சம் வந்தது. ஏரிகளின் அடிமண் அந்த வறட்சியைக் காட்டுகிறது. சண்டையும் சேர்ந்துகொண்டது. மழை பெய்விப்பதாகச் சொன்ன அரசனால் மழையைக் கொண்டுவர முடியவில்லை. தெற்கே பெரிய நகரங்களை விட்டு ஜனங்கள் போய்விட்டார்கள்.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். கூடவே பாதிரியும் வந்தான். 1562 ஜூலை 12ந் தேதி மானி என்னும் ஊரில் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார், பேயின் வேலை என்று சொல்லி மாயர் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார். ஜனங்களைக் கட்டித் தொங்கவிட்டு வதைத்தார். இன்று உலகத்தில் மிஞ்சியவை நான்கே புத்தகங்கள். அந்த லாந்தாவே எழுதி வைத்த குறிப்பில் சில எழுத்துக்கள் இருந்தன. அவற்றைக் கொண்டு 1952இல் ருஷியாவில் க்னோரோசோவ் என்ற அறிஞர், மாயர் எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார். கொளுத்தினவன் கையாலேயே சாவி கிடைத்தது!

2012 டிசம்பர் 21ந் தேதி உலகம் அழியும் என்று மாயர் சொன்னதாக நம் ஊரிலும் கதை கட்டினார்களே, அதுவும் இந்த வகைப் பித்தலாட்டம்தான். அவர்களுடைய நீண்ட கணக்கில் ஒரு சுற்று அன்று முடிந்தது. அவ்வளவுதான். நமது அறுபது வருஷக் கணக்கிலும் அட்சய முடிந்து 1987இல் பிரபவ வந்ததே, உலகம் அழிந்ததா? (அந்த அறுபது வருஷங்கள் பிறந்த ஆபாசக் கதையைத் தாய்மார்கள் இருக்கிற சபையில் சொல்ல நாம் விரும்பவில்லை.) பலெங்கேக் கல்வெட்டோ கி.பி. 4772இல் வரும் ஒரு நாளைக் குறிக்கிறது. அழியப்போகிறவன் அப்படி எழுதுவானா?

கடைசியாக ஒன்று. "மாயர் மறைந்துவிட்டார்கள்" என்பது சுத்தப் பொய். அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட மாயர், சுமார் முப்பது மொழிகள் பேசிக்கொண்டு உயிரோடு இருக்கிறார்கள். 1960 முதல் 1996 வரை குவாட்டமாலாவில் நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமலோ போனார்கள். விசாரணைக் குழு 1999இல் சொன்னபடி, அடையாளம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 83 பேர் மாயர். அவர்களுக்காக வாதாடிய ரிகோபெர்த்தா மெஞ்சு என்ற மாயப் பெண்மணிக்கு 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. செத்துப்போன மயனைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர்களில் எத்தனை பேர் உயிரோடிருக்கும் இந்த மாயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார்கள்?

ஆகவே தோழர்களே! உழைத்தவனுக்கே அவன் உழைப்பின் பேர் சேர வேண்டும். நமக்கு அந்த நியாயம் வேண்டுமென்று கேட்கிற நாம், அதைப் பிறருக்கு மறுக்கக்கூடாது. நாம் சொன்னோம் என்பதற்காக இதையும் நம்பாதீர்கள். படித்துப் பாருங்கள், யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் கொள்ளுங்கள். வாஸ்துக்காரர் வந்தால் மட்டும், சுவரை இடிப்பதற்கு முன்னே அவரிடம் ஒன்று, இரண்டு, மூன்றுக்கு மாயர் மொழியில் என்ன என்று கேளுங்கள்!