ஆறு பொத்தானில் தமிழ்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். மேசை மேல் நான் வைத்திருக்கும் இந்தப் பலகையைப் பற்றியே பேசுகிறேன்.

பிளைவுட் துண்டில் ஆறு பொத்தான். சொற்களுக்கு நடுவே இடம் விட, கட்டைவிரலுக்கு ஒன்று. கம்ப்யூட்டரில் செருகினால் இது ஒரு கீபோர்டு.

தமிழில் 247 எழுத்து. ஆறு பொத்தான் எப்படிப் போதும்? ஆர்மோனியக் கட்டைகளைப் போல, இரண்டு மூன்றைச் சேர்த்து அமுக்க வேண்டும். ஆறு பொத்தானில் 63 சேர்க்கை கிடைக்கும். லூயி பிரெயில் 1824-ல், தம் 15 வயதில் உருவாக்கிய ஆறு புள்ளி முறைதான் இது. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் 1951-ல் வந்தது.

இடது கை விரல்களுக்கு 1, 2, 3. வலது கைக்கு 4, 5, 6. ஒன்றை மட்டும் அமுக்கினால் 'அ'. 1, 3 சேர்ந்தால் 'க'. அதையடுத்து 3, 4, 5 சேர்த்து அமுக்கினால் 'கா'. மெய்யெழுத்துக்கு, முன்னால் ஒருமுறை 4. 'அம்மா' என்று எழுத ஐந்தே அமுக்கு. 216 உயிர்மெய்க்கும் தனித்தனிச் சேர்க்கை தேவையில்லை.

பலகைக்கு அடியில் ஆர்டுவினோ என்ற சின்னச் சில்லுப் பலகை. அதில் எழுதிய நிரல் நம் பேரேட்டுக் கணக்குதான். பொத்தான்களுக்கு 1, 2, 4, 8, 16, 32 என்று மதிப்பு. எந்த இரண்டு சேர்க்கைக்கும் ஒரே கூட்டுத்தொகை வராது. முதல் பொத்தானும் மூன்றாவதும் சேர்ந்தால் 5. அட்டவணையில் 5-க்கு நேரே 'க'.

விரல்கள் ஒரே நொடியில் விழாது. அதனால் கடைசி விரல் எடுபடும்வரை பொறுத்திருந்துதான் நிரல் கூட்டும். பிறகு அந்த எழுத்துக்குரிய தமிழ் 99 விசையைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பிரெயிலில் மெய்க்கு முன்னால் வரும் புள்ளியை, தமிழ் 99-க்கு ஏற்றபடி பின்னால் தள்ளுவதும் அதன் வேலை.

இதெல்லாம் எதற்கு? போனிடம் பேசினாலே எழுதுகிறதே என்பீர்கள். வங்கியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன். பார்வையில்லாதவர் பணம் எடுக்கும் சீட்டை இன்னொருவர் எழுதுவார். தொகை பக்கத்தில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். போனிடம் பேசுவதும் அப்படித்தான். மகனுக்கு எழுதுவது மருமகளுக்கும் கேட்கும். விரலால் எழுதுவது யாருக்கும் கேட்காது. எழுதியதைக் கம்ப்யூட்டர் காதுக்கருவியில் அவருக்கு மட்டும் படித்துக் காட்டும்.

நம் குடியிருப்பிலும் சர்க்கரையால் பார்வை மங்கிவரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தீப்பெட்டி வேலையில் பழகிய விரல்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ! அந்த விரல்களுக்கு இது பெரிய வித்தையில்லை. பார்வை நன்றாக இருக்கும்போதே பழகிவிட்டால் இன்னும் நல்லது.

பலகையைச் சங்க அறையிலேயே விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் அங்கே இருப்பேன். முதல் நாள் 'அம்மா' எழுதிவிடலாம். தனக்கென ஒன்று செய்துகொள்ள விரும்பும் பிள்ளைகளும் வரட்டும்; வயர் இணைப்பதைக் கற்றுத் தருகிறேன்.