சட்டமன்ற வாயிலில் மக்கள் குரல்

(ஆட்சித்துறைப் பயிற்சியாளர்களும் அரசியல் அறிவியல் மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதோடு குடிமக்களின் கடமை முடிந்துவிடுவதில்லை. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான சட்ட முன்வடிவுகள் அவையின் முன் வருகின்றன. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் வாழ்வைத் தொடுகிறது. அந்த ஒருவர் தம் உறுப்பினரைத் தலைநகரில் நேரில் கண்டு பேச முடியுமா? பேசினால் அப்பேச்சுக்கு மதிப்பு உண்டா? இவ்விரு வினாக்களையும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெப்ராஸ்கா மாநிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய விரும்புகிறேன்.

அம்மாநிலத்தின் தலைநகரம் லிங்கன். அங்குள்ள சட்டமன்ற மாளிகை 1922 முதல் 1932 வரை கட்டப்பட்டது. குடிமக்களின் விழிப்பே அரசைக் காக்கும் என்னும் கருத்து அதன் தலைவாயிலின் மேல் பொறிக்கப்பட்டுள்ளது. கூட்டத்தொடர் நடைபெறும் நாட்களில் உழவர்கள், ஆசிரியர்கள், முதியோர், ஊனமுற்றோர், அவர்களுக்காகப் பரிந்து பேசும் சங்கத்தினர் எனப் பலரும் அம்மாளிகைக்கு வருகின்றனர். உறுப்பினர்களை அவர்களது அறையிலோ, அவைக்கு வெளியே உள்ள கூடத்திலோ கண்டு பேசுகின்றனர். இத்தகைய காட்சியை அந்நாட்டின் ஏனைய மாநிலத் தலைநகரங்களிலும் காணலாம். நெப்ராஸ்காவின் தனிச்சிறப்பு, அதற்குப் பின் நிகழ்வதில் உள்ளது.

ஓரவையும் திறந்த விசாரணையும்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் ஓரவை மட்டுமே கொண்ட மாநிலம் நெப்ராஸ்கா ஒன்றே. இரண்டு அவைகள் இருந்தபோது, அவற்றிடையே கருத்து வேறுபாடு எழுந்தால், ஒரு சில உறுப்பினர்கள் மட்டும் மூடிய அறையில் கூடிச் சட்டத்தின் இறுதி வடிவத்தை முடிவு செய்தனர். யார் எதை நீக்கினார், யார் எதைச் சேர்த்தார் என்பதை மக்கள் அறிய வழியில்லை. இக்குறையைச் சுட்டிக்காட்டி ஜார்ஜ் நாரிஸ் என்னும் தலைவர் மாநிலமெங்கும் பிரசாரம் செய்தார். 1934ஆம் ஆண்டு மக்கள் தங்கள் வாக்கால் ஓரவைக்கு ஒப்புதல் அளித்தனர். 1937இல் அதன் முதற் கூட்டத்தொடர் தொடங்கியது. இன்று அவையில் 49 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்கள் கட்சிப் பெயரின்றித் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஓர் உறுப்பினர் ஏறத்தாழ 40,000 மக்களுக்குப் பிரதிநிதியாக விளங்குகிறார்.

மற்றோர் அவை இல்லாத நிலையில் தவறுகளைத் தடுப்பது யார்? மக்களே இரண்டாம் அவை என்பது அங்கு வழங்கும் மறுமொழி. இது வெறும் அலங்காரச் சொல் அன்று. உறுப்பினர் கொண்டுவரும் சட்ட முன்வடிவுகள் குழுவின் முன் பொது விசாரணைக்கு வருகின்றன. விசாரணை நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. முன்வடிவைக் கொண்டுவந்த உறுப்பினர் முதலில் விளக்குவார். பின்னர் ஆதரிப்போர், எதிர்ப்போர், நடுநிலையில் நின்று கருத்துரைப்போர் என முறையே மக்கள் பேசுவர். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்களே. ஆயினும் அந்தச் சொற்கள் அவையின் ஆவணத்தில் இடம்பெறுகின்றன. தனியறையில் உறுப்பினரிடம் கூறப்பட்ட குறையை அவர் மறந்துவிடலாம். ஆவணத்தில் ஏறிய குறையை அவ்வளவு எளிதில் புறக்கணிக்க இயலாது.

பெற்றோர் பெற்ற வெற்றி

இதன் பயனை ஒரு நிகழ்ச்சியால் விளக்கலாம். அம்மாநிலத்தில் பியாட்ரிஸ் என்னும் ஊரில், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோருக்கான அரசு இல்லம் ஒன்று உண்டு. 1960களில் 2,000க்கும் மேற்பட்டோர் அங்கு நெருக்கடியான நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். குறைபாடுள்ள குழந்தையைப் பெற்றவர்களுக்கு அன்று இருந்த வழிகள் இரண்டே: குழந்தையைத் தொலைவிலுள்ள அந்த இல்லத்தில் விட்டுவிடுவது, அல்லது எவ்வித உதவியுமின்றி வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது.

ஒமாஹா நகரப் பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். எங்கள் மக்களுக்கு எங்கள் ஊரிலேயே கல்வியும் பயிற்சியும் உறைவிடமும் வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. வல்லுநர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். 1968இல் குடிமக்கள் ஆய்வுக்குழு ஒன்று நிலைமையை ஆராய்ந்து அறிக்கை அளித்தது. 1969இல் உள்ளூர்ச் சேவைகளுக்கு வழிசெய்யும் சட்டங்களை மன்றம் நிறைவேற்றியது. 1970இல் ஒமாஹாவைச் சுற்றியுள்ள ஐந்து கவுன்டிகளுக்கென ஒரு சேவை நிறுவனம் உருவாயிற்று. பிற நாட்டவரும் வந்து காணும் முன்மாதிரியாக அது விளங்கியது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பழைய இல்லத்தில் எஞ்சியிருந்தோரின் நிலைமை விரைவில் சீர்படாததால் 1972இல் பெற்றோர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 1975இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. சட்டம் இயற்றுவது வேறு, அதைச் செயற்படுத்துவது வேறு என்பதை அலுவலர்களாகிய நீங்கள் நன்கு அறிவீர்கள். சட்டமன்ற வாயிலில் ஒலித்த குரல், நிருவாகத்தின் படிக்கட்டுகளில் தேய்ந்துவிடக் கூடாது.

வர இயலாதவர் யார்?

இம்முறையில் குறைகளே இல்லை என்று நான் கூற வரவில்லை. உறுப்பினருக்கு ஆண்டு ஊதியம் 12,000 டாலர் மட்டுமே. தொடர்ச்சியாக இரு பதவிக்காலங்களுக்கு மேல் அவர் நீடிக்க இயலாது. கூட்டத்தொடர் ஓராண்டு 90 நாட்களும் மறு ஆண்டு 60 நாட்களும் நடைபெறுகிறது. குறைந்த காலத்தில் பல துறைகளை அறிய வேண்டிய உறுப்பினர், தம்மிடம் தகவல் கொண்டு வருவோரைச் சார்ந்திருக்க நேரிடுகிறது. வங்கிகளும் தொழில் நிறுவனங்களும் ஊதியம் கொடுத்துப் பரிந்துரையாளர்களை அமர்த்திக்கொள்கின்றன. அவர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. எனினும், நாள்தோறும் மாளிகையில் இருப்பவருக்கும் ஆண்டில் ஒரு முறை வருபவருக்கும் உள்ள வேறுபாட்டைப் பதிவேடு போக்கிவிடாது.

மாநிலத்தின் மேற்கு எல்லையருகே உள்ள ஸ்காட்ஸ்பிளஃப் நகரிலிருந்து லிங்கனுக்கு 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. விசாரணைகள் நடைபெறுவதோ பெரும்பாலும் பனிக்காலத்தில். கூலி வேலை செய்பவர் சில நிமிடம் பேசுவதற்காக இரண்டு நாள் ஊதியத்தை இழக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் இணையவழிக் கருத்துப் பதிவுக்கு வழிசெய்யப்பட்டிருப்பது இக்குறையை ஓரளவு குறைக்கிறது. ஆயினும் வாயில் திறந்திருப்பது ஒன்று. அதனருகே வந்து சேரும் ஆற்றல் மற்றொன்று.

நமக்குரிய படிப்பினை

நமது நாட்டின் அளவு வேறு, மரபும் வேறு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி உத்தரப்பிரதேசத்தில் ஏறத்தாழ 20 கோடி மக்கள் வாழ்ந்தனர். அம்மாநிலப் பேரவைத் தொகுதிகள் 403. அதாவது ஓர் உறுப்பினருக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்கள். எனவே லிங்கன் நகரின் முறையை அப்படியே இங்கு நட்டுவிட முடியாது.

ஆனால் அதற்கான அடிப்படை நம்மிடமும் உண்டு. குறை தீர்க்கக் கோரி ஒன்றிய அல்லது மாநில அதிகாரி எவரிடமும், முறையே ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனு அளிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு வழங்குகிறது. சட்டமன்றங்களில் மனுக்குழுக்கள் உள்ளன. சட்ட முன்வடிவுகளைக் குறைந்தது 30 நாட்களுக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்னும் கொள்கையை மைய அரசு 2014இல் வகுத்தது. ஏட்டில் உள்ள இவ்வழிகள் எளிய மனிதரின் கைக்கு எட்ட வேண்டுமானால் மூன்று செயல்கள் தேவை. முதலாவது, கருத்துக் கேட்கும் செய்தி மக்கள் மொழியில், மக்கள் கூடும் இடத்தில் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். இரண்டாவது, கூறப்பட்ட கருத்து பதிவு செய்யப்பட வேண்டும். மூன்றாவது, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்துடன் மறுமொழி அளிக்கப்பட வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் தொகுதி உறுப்பினரைக் காணச் செல்லும்போது, உங்கள் ஊரில் யாருக்கு என்ன குறை என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு செல்லுங்கள். அலுவலர்களே, ஒரு மனு உங்கள் மேசைக்கு வரும்போது அதைக் கொண்டு வந்தவரை மட்டும் கருதாதீர்கள். அதே குறையைச் சுமந்துகொண்டு, பேருந்துக் கட்டணமோ ஒரு நாள் ஓய்வோ இல்லாமல் ஊரிலேயே தங்கிவிட்டவர் எத்தனை பேர் என்றும் விசாரியுங்கள். அவர்களையும் தேடிச் சென்று கேட்கும் ஆட்சியே மக்களாட்சி என்னும் பெயருக்குத் தகுதி உடையதாகும்.