சிறுகுறிஞ்சானை அறிந்து வளர்ப்போம்
(புதுச்சேரியில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



நம் வேலிகளிலும் கோயில் காடுகளிலும் படர்ந்து கிடக்கும் கொடிகளுள் சிறுகுறிஞ்சானும் ஒன்று. இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர் உண்டு. இதன் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். புளிப்பும் உப்பும் தெரியும். இனிப்பு மட்டும் தெரியாது. சற்று நேரத்தில் நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும். உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்து வேதியியலறிஞராய் இருந்த டேவிட் ஹூப்பர், 1887-ஆம் ஆண்டில் இவ்விலையை ஆராய்ந்து, இதற்குக் காரணமான பொருளை வெளியிட்டார். அதுவே ஜிம்னீமிக் அமிலம்.

நீரிழிவு மருந்துகளில் சேர்வதால் இவ்விலைக்கு விலை உண்டு. விலை உண்டானதும் காட்டுக் கொடியை வேரோடு இழுப்பதும், கண்ட கொடியின் இலையைக் கலப்பதும் உண்டாகின்றன. முதலாவதால் கொடி அழியும். இரண்டாவதால் நோயாளிக்குத் தீங்கு நேரும். ஒரு மூட்டையில் வேற்றிலை கண்டால் வியாபாரி ஊர்ச் சரக்கு முழுவதையுமே ஐயுறுவான் அன்றோ?

ஆகையால் அடையாளம் அறிதல் முதற்கடமை. சிறுகுறிஞ்சான் இலைகள் சிறியவை, எதிரெதிராக அமைந்தவை, மென்மயிர் உடையவை. பூக்கள் மஞ்சள் நிறத்தில் சிறு கொத்தாகப் பூக்கும். காய் நுனி கூர்ந்து நீண்டிருக்கும். வெடித்தால் பஞ்சு சூடிய விதைகள் பறக்கும்.

இதன் இனத்துக் கொடிகள் பல உண்டு. வேலிப்பருத்தியின் இலை இதய வடிவினது. காயில் மென்முட்கள் இருக்கும். பெருங்குறிஞ்சானின் இலை அகன்று பெரிது. பூ பச்சை நிறம். நஞ்சறுப்பான் இலையைத் தின்றால் வாந்தி உண்டாகும். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த ரப்பர் கொடிக்குப் பளபளப்பான இலையும், வெளிறிய ஊதா நிறப் பெரிய பூவும், விறைத்த இரட்டைக் காயும் உண்டு. அது இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ஆகவே, கிள்ளினால் பால் வருகிறது என்பதை மட்டும் நம்பலாகாது. இலை, பூ, காய் மூன்றையும் கண்டு தெளிந்த பின்னரே மென்று பார்க்க வேண்டும். தெரியாத கொடியை நாக்கில் வைத்துச் சோதிப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

இனி, வளர்ப்பு முறை. விதையின் முளைப்புத் திறன் விரைவில் குன்றும். ஆதலால் தண்டுத் துண்டுகளே ஏற்றவை. மூன்று நான்கு கணுக்கள் உள்ள, முற்றியும் முற்றாத தண்டை வெட்டி, மணலும் மட்கிய எருவும் கலந்த பையில் நட்டு நிழலில் வைக்க வேண்டும். வேர் பிடித்த கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம். காலாப்பட்டுப் பக்கத்துச் செம்மண் போல நீர் வடியும் நிலம் ஏற்றது. பாகூர்ப் பக்கத்துக் களிமண் நிலத்தில் மேட்டுப் பாத்தி அமைத்தல் நலம். கொடிக்குப் பந்தலோ, கிளுவை வேலியோ கொழுகொம்பாகட்டும். இலையை மட்டும் கிள்ளி, நிழலில் உலர்த்த வேண்டும். தண்டையும் வேரையும் விட்டுவைத்தால் மீண்டும் தழைக்கும்.

ஒரு சொல் எச்சரிக்கை. நீரிழிவு உடையோர் மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இவ்விலையை நம்புதல் கூடாது. மருந்தோடு சேர்த்து உண்பதாயினும், சர்க்கரை அளவு மிகத் தாழக்கூடுமாதலால், மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது யாது? பொது நிலத்தில் ஒரு சிறு தாய்த்தோட்டம் அமைத்து, அங்கிருந்து கன்றுகளை வழங்கலாம். தாய்க்கொடியைப் பற்றி ஐயமிருந்தால், பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, குரும்பாபேட் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடம் காட்டிக் கேட்கலாம். 1955-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தென்னாட்டுச் செடிகொடிகளை உலர்த்திப் பாதுகாத்த பெருந்தொகுப்பும் உள்ளது. தாய்க்கொடி சரியாயின் அதிலிருந்து வெட்டி நட்ட கன்றுகள் யாவும் சரியாகவே இருக்கும்; அது பிழையாயின் ஊர்த்தோட்டம் முழுதும் பிழையாகும். ஆதலின் நடுவதற்கு முன் தெளிவோம், தெளிந்தபின் நடுவோம்.