தப்புச் சத்தமே முதல் பாடம்

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நம்ம பிள்ளைகளுக்குத் தாளம் பழக்க வெளியிலிருந்து ஆள் தேடவேண்டியதில்லை. மாசி மாதம் காமன் கூத்தில் ரதியும் மதனும் எந்த அடிக்கு ஆடுகிறார்களோ, அந்தத் தப்பு அடியே பாடம்.

முதலில் வாயால் சொல்லணும். "தகிட" என்றால் 3, "தகதிமி" என்றால் 4, சேர்த்தால் 7. சொல்லிக்கொண்டே கை தட்டணும். பிறகு "த" வரும் இடத்தில் கால் வைத்து ஆடணும். கால் பிசகாமல் வந்த பிறகுதான் குச்சி. வலக்கையில் தடித்த குச்சி, இடக்கையில் மெல்லிய நீளக் குச்சி. மலைக்குளிரில் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காய்ச்சினால் ஈரம் போய் இறுகி, சத்தம் கணீரென்று ஏறும். இதுவும் பிள்ளைக்கு ஒரு விஞ்ஞானப் பாடம்.

ஒன்றை மனம் திறந்து பேசணும். "தப்பு அடிக்கிறது இன்ன ஆட்களின் வேலை" என்று சில வீடுகளில் பிள்ளையைத் தடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் விடியுமுன் எல்லா லயத்தையும் பெரட்டுக்கு எழுப்பியது தப்புதானே? திருவிழாவில் சாமிக்கு முன்னால் போவதும் அதுதானே? சத்தம் எல்லாருக்கும் பொது. இளக்காரம் மட்டும் அடிக்கிறவருக்கா?

தப்புத் தெரிந்த பெரியவர்கள் கண்மூடிவிட்டால் அந்த அடிகளும் அவர்களோடு போய்விடும். அவர்களை "வாத்தியார்" என்று கூப்பிடச் சொல்லி, ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லாரையும் பழக அனுப்புங்கள்.