தரிசு என்னும் சொல்



மாற்று எரிபொருள் ஆலைகள் உயிர்ப்பன்மையைக் காப்பது எப்படி என்று இரண்டு நாள் பேசப்போகிறோம். என் பங்குக்கு ஒரே ஒரு சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்: தரிசு.

2003-இல் திட்டக் குழுவின் அறிக்கை ஒன்று, டீசலுக்கான எண்ணெய் தரும் காட்டாமணக்கு நட ஏற்றதென்று 1.34 கோடி ஹெக்டேர் நிலத்தைக் கணக்குக் காட்டியது. 2009-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கையும், உணவுப் பயிரைத் தொடாதே, தரிசுக்குப் போ என்றது. சோற்றுக்கும் டீசலுக்கும் போட்டி வரக்கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் எது தரிசு? உழவுக்கு வராத நிலத்துக்குக் கணக்குப் புத்தகம் வைத்த பெயர் அது. மழை பெய்து பத்து நாள் கழித்து அங்கே போய் நின்று பாருங்கள். முழங்கால் அளவு புல், அதில் ஆடு மேய்க்கும் கீதாரியின் கிடை, தரையிலேயே கூடு வைத்திருக்கும் வானம்பாடி, தொலைவில் வெளிமான். கானமயிலுக்கும் வரகுக்கோழிக்கும் இப்படிப்பட்ட வெட்டவெளிதான் வீடு. கானமயில் இன்று இருநூறுகூட இல்லை.

‘ஆடு கடிக்காது’ என்பதைக் காட்டாமணக்கின் பெருமையாகச் சொன்னார்கள். ஆட்டுக்காரரைக் கேட்டிருந்தால் அதையே அதன் குற்றமாகச் சொல்லியிருப்பார். நீரும் உரமும் இல்லாத மண்ணில் அது எதிர்பார்த்த அளவு காய்க்கவும் இல்லை. நட்டவர் பலர் கைவிட்டார்கள். பல புல்வெளிகள் பிழைத்தது அந்தத் தோல்வியால்தான், யாருடைய முன்யோசனையாலும் அல்ல.

இந்தோனேசியாவில் செம்பனைக்காக அழிந்தது காடு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதனால் உலகம் கூச்சலிட்டது. புல்வெளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 நெறிமுறை இதில் ஒரு படி மேல்: 2008 சனவரியில் உயிர்வளம் மிக்க புல்வெளியாக இருந்த நிலத்தில் விளைந்த உயிரி எரிபொருள் மூலப்பொருளை அது கணக்கில் சேர்க்கவில்லை. புல்லும் ஒரு சொத்து என்று சட்டத்தில் எழுதினார்களே, அது பெரிது.

நம் பக்கத்தில் கதை வேறு. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் சீமைக் கருவேலத்தை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கண்மாயை அடைத்த மரம் கொதிகலனுக்குப் போனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்தானே என்று தோன்றும். ஆலை விறகை எடை போட்டு வாங்குகிறது. வெட்டுகிறவர் தூரை விட்டுவிட்டு மேலே வெட்டுகிறார். தூர் துளிர்க்கும், சில ஆண்டுகளில் மறுவெட்டு. ஆலைக்கு இது வசதி. களை, கேட்பாரில்லாமல் பயிராகிவிடுகிறது. நெற்றைத் தின்ற ஆடு விதையைப் போகுமிடமெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே ஆலை நண்பர்களிடம் கேட்கிறேன்: தூரோடு பெயர்த்த மரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க முடியுமா? பெயர்த்த இடத்தில் மறுமுளைப்பைப் பிடுங்க அடுத்த இரண்டு மூன்று மழைக்காலத்துக்குக் கூலி ஒதுக்க முடியுமா? நாட்டுக் கருவேலத்தில் நாரையும் கொக்கும் கூடு கட்டும் மாதங்களில் கண்மாய்க்குள் இயந்திரம் இறங்காது என்று ஒப்பந்தத்தில் எழுத முடியுமா? பொக்லைன் ஓட்டுகிறவருக்கு நாட்டுக் கருவேலத்தையும் சீமைக் கருவேலத்தையும் பிரித்துக் காட்ட ஊர்க்காரர் ஒருவர் கூட நின்றாலே பாதி வேலை முடிந்தது. கடினமான கேள்வி கடைசி: அந்த வட்டாரத்தில் மரம் தீர்ந்தால் கொதிகலனுக்கு என்ன போடுவீர்கள்? விடை ‘மறுபடி நடுவோம்’ என்றால், நாம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

வைக்கோல், கரும்புச் சக்கை போன்ற கழிவுகளைப் பற்றி நாளை தனி அமர்வே இருப்பதால் அவற்றை விடுகிறேன்.

கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தாளில் ‘தரிசு’ என்று வரும் இடத்தில் நிறுத்தி, அந்த நிலத்தில் ஐப்பசி மாதம் என்ன நிற்கிறது, யார் மேய்க்கிறார்கள் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு மேலே போங்கள். நேரக் கணக்கில் அந்த இரண்டு வரியை நான் சேர்க்க மாட்டேன். முதல் கட்டுரையாளர் வரலாம்.