பழகிய கையும் சிறிய கைத்துப்பாக்கியும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. துப்பாக்கி சுடுதலை ஒரு விளையாட்டாகப் பல ஆண்டுகள் பழகிவரும் அன்பர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். அவர், “இத்தனை ஆண்டு பழகிய கை இது. வீட்டுக் காவலுக்கென்று பைக்குள் அடங்கும் சிறு கைத்துப்பாக்கி ஒன்று வாங்கலாமா?” என்று கேட்டார். கேள்வி ஒருவருடையதுதான். ஆயினும் அதன் விளைவு அவர் வீட்டாரையும் அடுத்த வீட்டாரையும் சாரும். ஆகவே அதனை அவையில் வைத்து ஆராய்வதே முறையெனக் கருதினோம்.

முதலில், அக்கேள்வி பிறந்த காரணத்தை இகழ்தல் ஆகாது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் நம்மவருள் பலர் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் கோரமண்டலிலும் விடியுமுன் வண்டி ஏறி, பங்காருப்பேட்டை வழியே பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவு வீடு திரும்புகின்றனர். பகல் முழுதும் வீட்டில் இருப்போர் முதியவரும் பெண்டிரும் பிள்ளைகளும். வெளியே சென்றவன் மனம் வீட்டைச் சுற்றியே இருப்பது இயல்பு. அந்தக் கவலைக்குத் துப்பாக்கி மருந்தாகுமா என்பதே நாம் ஆராய வேண்டுவது.

பழகிய கை என்னும் பெருமையை முதற்கண் எடுத்துக்கொள்வோம். பந்தயங்களில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியால் சுடுகிறார்கள். அதன் எடை 1,500 கிராம் வரை இருக்கலாம். இலக்கின் நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலமே. 60 குண்டுகளைச் சுட 75 நிமிடம் தருகிறார்கள். வெளிச்சம் நிறைந்த கூடம், அசையாத தாள், மூச்சை அடக்கிக் கை நடுக்கம் தணியும்வரை காத்திருக்கும் உரிமை. இவையெல்லாம் சேர்ந்தே அக்கலையை வளர்க்கின்றன. திருடன் வரும் இருட்டில் இவற்றுள் ஒன்றும் இராது. தூக்கம் கலைந்த கண்ணும், படபடக்கும் நெஞ்சும், நகரும் நிழலுமே இருக்கும். நிழல் கள்வனுடையதா, தண்ணீர் குடிக்க எழுந்த மகனுடையதா என்று அறிய ஒரு நொடியும் கிடைக்காது.

அடுத்து, கருவியே வேறு. துப்பாக்கியின் முன்னுள்ள குறிமுள்ளையும் பின்னுள்ள பள்ளத்தையும் நேர்செய்து குறி வைக்கிறோம். இவ்விரண்டிற்கும் இடையே 20 சென்டிமீட்டர் தூரம் இருக்குமாயின், 1 மில்லிமீட்டர் பிசகு 10 மீட்டர் தொலைவில் 5 சென்டிமீட்டர் விலக்கும். அத்தூரம் 10 சென்டிமீட்டராகக் குறையுமாயின், அதே பிசகு 10 சென்டிமீட்டர் விலக்கும். கணக்கு எளிது, குழல் குறுகக் குறுகப் பிழை பெருகும். எடை குறையக் குறையக் கையின் நடுக்கமும் உதைப்பும் கூடும். ஆகவே சிறிய துப்பாக்கி எளிய துப்பாக்கி அன்று. பெரியதில் தேர்ந்தவனும் சிறியதில் புதிய மாணவனே.

இனி, கடையில் கிடைப்பதைப் பார்ப்போம். உலகப் புகழ் பெற்ற 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களைப் படத்தில் கண்டு ஆசைப்படுவோர் உளர். அந்த அளவு நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவாகும். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வரவழைப்பதும் 1980களின் நடுவிலிருந்து நின்றுவிட்டது. எஞ்சியவை பெரும்பாலும் .32 அளவுள்ள உள்நாட்டுக் கருவிகள். இஷாப்பூர் தொழிற்சாலையின் “அசனி” பிஸ்டல் அவற்றுள் ஒன்று. 2014இல் கான்பூரிலிருந்து “நிர்பீக்” என்னும் ரிவால்வர் வெளிவந்தது. பெண்களின் தற்காப்பைக் கருதிச் செய்த அதன் எடை ஏறத்தாழ 500 கிராம். அன்றைய விலையோ ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாய்க்கு மேல். 2023இல் அதே கான்பூரிலிருந்து “பிரபல்” வந்தது. அதன் குழல் 76 மில்லிமீட்டர், முழு நீளம் 177.6 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 700 கிராம். இவற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மாதச் சம்பளக்காரன் அவ்வளவு பணம் கொடுத்து எதை வாங்குகிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே நம் கருத்து.

சட்டத்தையும் சிறிது காண்போம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 21 வயது நிரம்பாதவருக்கு லைசென்சு இல்லை. காவல்துறையின் அறிக்கை வந்த பின்னரே அதிகாரி முடிவு செய்வார். 2016ஆம் ஆண்டு விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும், ஆயுதத்தைப் பத்திரமாக வைக்கும் பொறுப்பையும் வற்புறுத்துகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்சின் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. விளையாட்டு வீரர்க்கெனத் தனி விதிகள் உண்டு. அதே திருத்தம், கலியாண ஊர்வலத்திலும் கொண்டாட்டத்திலும் பிறர்க்கு ஆபத்து நேரும்படி வானத்தை நோக்கிச் சுடுவதை இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கிற்று.

இவற்றுள் நம் அன்பர் மறந்துவிட்ட ஒன்று உண்டு. லைசென்சு அவருடையது, அவர் மனைவியுடையதன்று. அவர் விடியற்கால வண்டியில் ஏறியபின் அத்துப்பாக்கி என்ன செய்யும்? பூட்டிய பெட்டிக்குள் இருந்தால் வீட்டாருக்கு உதவாது. பூட்டாமல் இருந்தால் பிள்ளையின் கைக்கு எட்டும். தம்முடன் எடுத்துச் செல்வாராயின் வீடு முன்போலவே காவலின்றிக் கிடக்கும். கூட்டம் நெரியும் வண்டியில் ஆயுதம் ஒன்று அலையும். எந்தக் கவலைக்காக வாங்க நினைத்தாரோ, அந்தக் கவலை அப்படியே நிற்கும். புதிய கவலை ஒன்று அதனுடன் சேரும்.

அப்புதிய கவலை சிறிதன்று. 1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் தற்கொலை ஆபத்து மிகுதி என்று காட்டியது. அந்நாடு வேறு, நம் நாடு வேறு என்று சொல்லலாம். ஆனால் மனித மனம் ஒன்றே. கடன் தொல்லை, வேலை இழப்பு, தேர்வில் தோல்வி, கணவன் மனைவிச் சச்சரவு ஆகியவை நம் லைன் வீடுகளுக்குப் புதியவையா? மனம் உடைந்த ஒரு நாழிகையைக் கடந்துவிட்டால் உயிர் பிழைத்துக்கொள்ளும். அந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டிய தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மறுநாள் ஆறுதல் சொல்ல வருவோர் யாரிடம் சொல்வது? மேலும் நம் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்பவை. தகரத்திற்கும் பலகைக் கதவிற்கும் அப்பால் தோட்டா பாயும். குறி தப்பிய தோட்டாவிற்கு நம் வீடு, அடுத்த வீடு என்ற வேற்றுமை தெரியாது.

தற்காப்பு உரிமை இல்லையோ எனின், உண்டு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சம்ஹிதையிலும் இருக்கிறது. ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்ய அது இடந்தராது. ஓடுகின்றவன் முதுகில் சுட்டவன் தன்னைக் காத்தவன் ஆகான். நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குபவன் ஆவான்.

நம் முன்னோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வந்து, பூமிக்குள் இறங்கி, வெடிமருந்தோடு வாழ்ந்தவர்கள். வெடிமருந்தை அவர்கள் அஞ்சவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. மருந்துக் கிடங்கு குடியிருப்பை விட்டு விலகி இருந்தது. மருந்து வேறு, அதைப் பற்றவைக்கும் கேப்பு வேறு என்று தனித்தனியே வைக்கப்பட்டன. சான்று பெற்றவர் அன்றிப் பிறர் வெடி வைக்கலாகாது. வெடிக்காத துளையைக் குறித்த நேரம் கழியாமல் எவரும் அணுகலாகாது. சுரங்கத்தில் நெடுநாள் வேலை செய்தவர் எவரும், “எனக்குத்தான் பழக்கமாயிற்றே” என்று ஒரு குச்சி மருந்தைத் தம் வீட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தாரில்லை. பழக்கம் அவர்களுக்குத் துணிச்சலைக் காட்டிலும் ஒழுங்கையே மிகுதியும் கற்பித்தது. துப்பாக்கி பழகியவரும் கற்க வேண்டிய பாடம் இதுவே.

ஆகவே நம் அன்பருக்கு நாம் சொல்வது இது. தம் உயிருக்குக் குறிப்பான அச்சுறுத்தல் இருந்து, அதிகாரிகளும் அதை ஏற்று லைசென்சு வழங்குவாராயின், வாங்கட்டும். வாங்கினால் புதிய மாணவனாய் மீண்டும் பயிற்சி பெறட்டும். துப்பாக்கி ஒரு பெட்டியிலும் தோட்டா வேறொரு பெட்டியிலும் இருக்கட்டும். சாவி அவரிடமே இருக்கட்டும். வீட்டில் ஒருவர் மனம் தளர்ந்திருக்கக் கண்டால், ஆயுதத்தைச் சட்டப்படி வேறிடத்தில் ஒப்படைக்கத் தயங்காதிருக்கட்டும். குறிப்பான அச்சம் இல்லையாயின், அப்பணத்தில் உறுதியான கதவும், இரட்டைப் பூட்டும், வாசல் விளக்கும் வாங்கட்டும். அவர் இல்லாத பகலிலும் காவல் காப்பவை இவையே. அடுத்த வீட்டாரோடு நல்லுறவு இவை அனைத்திலும் சிறந்த காவல்; அதற்கு லைசென்சு வேண்டுவதில்லை.

அவருடைய கலை வீணாக வேண்டுமா? வேண்டா. .177 அளவுக்கும் 20 ஜூல் வலிமைக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு இன்றைய விதிகளின்படி லைசென்சு தேவையில்லை. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் மனு பாக்கர் அம்மையார் இரண்டு வெண்கலம் வென்றது அத்தகைய 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் போட்டியின் நடுவே கருவி பழுதுபட்டு ஏமாற்றத்தோடு திரும்பியவர் அவர். அதே பாரிசில் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலம் வென்ற சுவப்னில் குசாலே, மத்திய இரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணி செய்தவர். இரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த இந்த அவைக்கு அது தனி மகிழ்ச்சி தரும் செய்தி.

பாதுகாப்பான பின்சுவரும், பூட்டுள்ள அலமாரியும், பெரியவர் ஒருவரின் கண்காணிப்பும் அமையுமாயின், 10 மீட்டர் நீளமுள்ள ஓர் இலக்குக் கூடம் நம் சங்கத்தாலும் ஆகக்கூடியதே. உரியவர்களின் அனுமதியோடும் நெறிமுறையோடும் அதை நிறுவி, நம் அன்பரையே ஆசிரியராக்கினால், அவருடைய பழகிய கை நம் பிள்ளைகள் பலரின் கைகளைப் பழக்கும். பைக்குள் ஒளிந்து கிடக்கும் சிறு துப்பாக்கியால் அப்பயன் விளையாது. செயற்குழு இதனை ஆராய்ந்து ஆவன செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.