வில்லன் என்றால் பண்ணையாள்



நம் சினிமாவில் வில்லன் யார்? பெரும்பாலும் மீசை முறுக்கிய பண்ணையார். ஆனால் ‘வில்லன்’ என்ற சொல்லின் பழைய பொருள் பண்ணையார் அல்ல, பண்ணையாள். லத்தீனில் ‘வில்லா’ என்றால் பண்ணை. பண்ணையோடு கட்டப்பட்டவன் பிரெஞ்சில் ‘விலேன்’ ஆனான். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அந்தச் சொல் அங்கே போய்ச் சேர்ந்தது. பிரபுவின் அனுமதியில்லாமல் அவன் ஊரைவிட்டுப் போக முடியாது, மகளுக்குக் கல்யாணம் செய்யவும் பணம் கட்ட வேண்டும். அவன் பெயரை அயோக்கியன் என்ற பொருளுக்கு மாற்றியது யார்? எழுதத் தெரிந்தவர்களும் அவர்களை வைத்து எழுதச் சொன்னவர்களும்தான்.

அதற்கும் முந்தைய சொல் ‘லார்டு’. பழைய ஆங்கிலத்தில் அது ரொட்டியையும் காவலையும் குறிக்கும் இரண்டு சொற்களின் சேர்க்கை. ரொட்டி காப்பவன். ‘லேடி’ என்றால் ரொட்டிக்கு மாவு பிசைபவள். அவர்களை அண்டி வேலை செய்தவனுக்கு என்ன பெயர் தெரியுமா? ரொட்டி தின்பவன். கி.பி. 600 வாக்கில் கென்ட் அரசன் எதெல்பெர்ட் போட்ட சட்டத்திலேயே இது இருக்கிறது: ஒருவனுடைய ‘ரொட்டி தின்பவனை’ நீங்கள் கொன்றுவிட்டால் ஆறு ஷில்லிங் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். “உங்க அப்பன் எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு வளந்தவன்” என்று நம் ஊரில் கேட்ட குரல்தான் எனக்கு நினைவு வந்தது. விளைவித்தவன் தின்பவனாகவும், பூட்டி வைத்தவன் காப்பவனாகவும் ஆகிவிடுகிறான்.

உயிருக்கு விலை வைத்ததை ஒளிக்கவும் இல்லை. வெசெக்ஸ் நாட்டில் பிரபுவைக் கொன்றால் 1200 ஷில்லிங், சாதாரண உழவனைக் கொன்றால் 200. மனிதர்களையே ‘ஆயிரத்திருநூற்றான்’, ‘இருநூற்றான்’ என்று விலையால் அழைத்தார்கள். பிரபு ஒருவன் செய்யும் சத்தியம் ஆறு உழவர்களின் சத்தியத்துக்குச் சமம். அடிமைக்கு இந்த விலைகூடக் கிடையாது. அவனைக் கொன்றால் நஷ்டஈடு அவன் சொந்தக்காரனுக்கு. உழவனைக் குறித்த ‘சேர்ல்’ என்ற சொல் பிறகு முரடன் என்று தேய்ந்துபோனது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரிட்டிஷ் மன்னரின் ‘சார்லஸ்’ என்ற பெயருக்கும் வேர் அதுதான்!

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி ஒன்று உண்டு. ‘கினிஹ்ட்’, ‘கினாஃபா’ இரண்டுக்குமே பழைய ஆங்கிலத்தில் பையன் என்று பொருள். பையன் என்றால் ஏவல் செய்பவன் என்றும் ஆகும், நம் ஊரில் ‘கடைப்பையன்’ என்பதுபோல. முதல் பையனுக்குக் குதிரையும் வாளும், பிறகு நிலமும் கிடைத்தன. அவன் ‘நைட்’ ஆனான், வீரன் ஆனான். இரண்டாவது பையன் அடுப்படியிலேயே இருந்தான். அவன் ‘நேவ்’, போக்கிரி. பக்கத்தில் ஜெர்மன் மொழியில் ‘க்னெஹ்ட்’ இன்றும் ஏவலாள்தான். அங்கே அந்தப் பையனுக்கு யாரும் குதிரை கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: “பார்த்தீர்களா, வெள்ளைக்காரனிடமும் சாதி இருந்தது.” இல்லை தோழர்களே. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ஆங்கிலக் குறிப்பு ஒன்று, உழவன் ஐந்து ‘ஹைடு’ நிலமும் மணிக்கூண்டும் அரசவையில் இடமும் சம்பாதித்துவிட்டால் அவனுக்கும் பிரபுவின் தகுதி உண்டு என்கிறது. எத்தனை பேருக்கு அது வாய்த்தது என்பது வேறு கேள்வி. கதவு என்று ஒன்று இருந்தது. 1381இல் உழவர்கள் லண்டனுக்கே திரண்டு வந்து பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்கக் கேட்டார்கள். இரண்டாம் ரிச்சர்டு சம்மதித்துவிட்டுப் பிறகு வாக்கை மீறினான். ஆனாலும் அந்த முறை மெல்லத் தேய்ந்து மறைந்தது. இன்று இங்கிலாந்தில் ஒருவரைப் பார்த்து, இவர் வில்லன் வம்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வசவுக்கு இப்போது உடம்பு இல்லை.

உடம்புள்ள சொல் ஒன்று அதே ஆங்கிலத்தில் இருக்கிறது. அது நம்மிடமிருந்து போனது: ‘பரையா’. பறையர் என்ற நம் மக்களின் பெயரைப் பதினேழாம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டு போய், ஒதுக்கப்பட்ட எவருக்கும் வைத்தார்கள். தெருநாய்க்கும் வைத்தார்கள். இங்கே அந்தப் பெயரோடு வாழ்ந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பத்திரிகை தொடங்கினார். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசுப் பதிவுகளில் ‘ஆதி திராவிடர்’ என்று மாற்றவைத்தார். ஒருவர் பெயரை நிமிர்த்திப் பிடித்தார், மற்றவர் மாற்றினார். இரண்டில் எது சரி என்று என்னால் இன்றும் தீர்ப்பு சொல்ல முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆங்கில ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தேன். ‘தனிமைப்படுத்தப்பட்ட நாடு’ என்று நான் எழுதியிருந்ததைப் பதிப்பாசிரியர் ‘பரையா ஸ்டேட்’ என்று திருத்தி அனுப்பினார். அது என் அம்மாவின் சாதிச் சான்றிதழில் இருக்கும் பெயர் என்று பதில் எழுதினேன். “புரிகிறது, ஆனால் இப்போது அது வெறும் ஆங்கிலச் சொல்தானே” என்று கனிவாகவே எழுதியிருந்தார். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அது இன்னும் என் கணினியில்தான் கிடக்கிறது.